கதவுக்கடியில் வந்த சீட்டுகள்

இஞ்சோன்
3 செப்டம்பர் 2018

நான்காம் வரிசை, பதினொன்றாம் இருக்கை அம்மணி அவர்களுக்கு,

வணக்கம். உன் தனிமைக்கு இப்போது எழுத வரும்.

என் பெயர் மா தொக்சு. வயது எழுபத்தைந்து. போன வருஷம் மார்ச் மாதம்தான் எழுத்து படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ‘இருக்கை’ என்ற ஒரு சொல்லுக்கே ஒரு காலைப் பொழுது போனது. இப்போது பேருந்தில் போனால் கடைப் பெயர்களை எல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறிடம் போய்விடுகிறார்கள்.

எங்கள் டீச்சர், “யாருக்காவது எழுதணும்னு நெனச்சு எழுதாம விட்டிருப்பீங்க. அவங்களுக்கு எழுதுங்க. நூலகத் தாழ்வாரத்துல மாட்டுவோம்” என்றார். எல்லோரும் பிள்ளைகளுக்கும் இறந்துபோன கணவருக்கும் எழுதினார்கள். எனக்கு நீங்கள் ஞாபகம் வந்தீர்கள். பக்கத்து மேசை மீன்காரி போங்நே அக்கா எட்டிப் பார்த்து, “பேர் தெரியாத பொம்பளைக்குக் கடுதாசியா தம்பி? தபால்காரன் உன்னைத் தேடி வந்து அடிப்பான்” என்றாள்.

நான் உன்ஹா திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தேன். மூன்றாம் மாடி, எழுபது இருக்கை, யாருக்கும் புரியாத வெளிநாட்டுப் படங்கள். நீங்கள் புதன்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு வருவீர்கள். ஆறு வருஷம் வந்தீர்கள். பல நாள் அரங்கில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். படம் ஓடத் தொடங்கியதும் இடது காலணியைக் கழற்றுவீர்கள். ஆரஞ்சு உரித்து, தின்பதற்கு முன் விரலை முகர்வீர்கள். எவரும் அழாத இடத்தில் அழுவீர்கள். திரையின் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. அதனால் திரையை விட்டு, கேபின் துவாரம் வழியே உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் படத்தைப் புரிந்துகொண்டேன்.

ஒரு நாள் நல்ல மழை. படம் விட்ட பிறகு நீங்கள் பின்சந்தில் இருக்கும் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தீர்கள். முன்னால் இரண்டு கிண்ணம் இருந்தது. இரண்டும் ஆறும்வரை இருந்தீர்கள். கேபினின் பின்ஜன்னலில் நின்று நானும் இருந்தேன். வராமல் போன அந்த ஆளை மனதார வைதேன். அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை.

எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். உங்களை வைத்துத்தான் நான் முதன்முதலில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

மரியாதையுடன்,
மா தொக்சு
முதியோர் எழுத்து வகுப்பு, இரண்டாம் பிரிவு

•

இஞ்சோன்
21 செப்டம்பர் 2018

திரு. மா தொக்சு அவர்களுக்கு, வகுப்பு ஆசிரியை மூலமாக.

அந்த இருக்கை என்னுடையதுதான். என் பெயர் நோ இன்சுக். கடிதத்தை உடனே சுவரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு முறை அந்த நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போகிறேன். போன செவ்வாய்க்கிழமை மூன்று பெண்கள் உங்கள் கடிதத்தின் முன் நின்று என் இடது காலணியைப் பற்றிப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, “கெழவருக்கு என்ன கண்ணு பாரு” என்றாள். முன்பு ஒருவர் பார்த்தார். இப்போது ஊரே பார்க்கிறது.

முதல் வரியில் ‘உன் தனிமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பின் பேசாத பெண்ணை ‘உன்’ என்று எழுதலாமா? அல்லது ‘என்’ என்று எழுத வந்தீர்களா?

எனக்குச் சில பதில்கள் வேண்டும். மழுப்பாமல் எழுதுங்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் நீங்கள்தானா? அந்த நாட்களில் உங்களுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதா? கேபின் கதவுக்கடியில் வரும் சீட்டுகளை என்ன செய்தீர்கள்? அந்த மழை நாளில் நான் யாருக்காகக் காத்திருந்தேன் என்று நினைத்தீர்கள்?

நோ இன்சுக்

•

இஞ்சோன்
1 அக்டோபர் 2018

பெயர் கிடைத்துவிட்ட இன்சுக் அம்மணி அவர்களுக்கு,

டீச்சர் உங்கள் கடிதத்தைக் கொடுத்ததும் கழிப்பறையில் போய்த் தாழிட்டுக்கொண்டு படித்தேன். எனக்கென்று வந்த முதல் கடிதம். திட்டுதான் என்றாலும் என் பெயர் போட்டு வந்த திட்டு.

கடிதத்தை எடுத்தாயிற்று. நூலகத்து ஆள், “கண்காட்சி முப்பதாம் தேதி வரைக்கும் இருக்கு, தாத்தா” என்றான். நான் நாற்காலி போட்டு ஏறிவிட்டேன். போங்நே அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உங்களை ஊர் சிரிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அழகாகப் பட்டதை எழுதினேன். தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

முதல் வரி பிழைதான். ‘என்’ என்பதும் ‘உன்’ என்பதும் நம் கொரிய மொழியில் வாய்க்கு ‘நே’ என்று ஒன்றுபோலத்தானே வருகின்றன. எழுதும்போதுதான் வித்தியாசம்: இரண்டு கம்பிக்கு நடுவே குட்டிக் கோடு இருந்தால் ‘என்’, வெளியே நீட்டினால் ‘உன்’. என் கோடு வெளியே போய்விட்டது. இந்தப் பிழைக்காக டீச்சர் என்னை நூறு தடவை எழுத வைத்திருக்கிறார். இன்னும் கை வெளியேதான் போகிறது.

கட்டம் போட்ட சட்டை நான்தான். எப்படித் தெரியும்? ஆட்கள் இருக்கும்போது நான் கேபினை விட்டு வெளியே வந்ததே இல்லையே.

எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எண் தெரியும். ரீல் பெட்டியில் எண் இருக்கும், அது போதும். சுவரில் தொங்கிய ஆபரேட்டர் உரிமம் முதலாளியின் மைத்துனருடையது. ஒரு தடவை எண் அழிந்துபோய், நான்காம் ரீலை மூன்றாவதற்கு முன்னால் ஓட்டிவிட்டேன். வெளியே வந்தவர்கள், “என்ன ஆழம்” என்று பேசிக்கொண்டு போனார்கள். நீங்கள் மட்டும் அடுத்த புதனும் அதே படத்துக்கு டிக்கெட் வாங்கி வந்து பார்த்தீர்கள்.

கதவுக்கடியில் வரும் சீட்டுகளுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆட்கள் என்ன எழுதுவார்கள்? படம் மங்கல், சத்தம் போதவில்லை, சத்தம் அதிகம். இந்த மூன்றுதான். அதனால் சீட்டு வந்தால் முதலில் லென்ஸைத் திருகுவேன். பிறகு சத்தத்தை மாற்றிப் பார்ப்பேன். எப்படியும் ஒன்று சரியாகிவிடும். பதிமூன்று வருஷத்தில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சீட்டுகளால் எண்ணெய் துடைப்பேன். மூன்றை மட்டும் வைத்திருக்கிறேன். பள்ளிப் பெண்கள் மடிப்பதுபோலச் சதுரமாக, ஒரு நுனியை உள்ளே செருகி மடித்தவை. பிரிக்க மனம் வரவில்லை. தேயிலை டப்பாவில் இருக்கின்றன. மூன்றாவது வந்தது அந்த மழை நாள் ஆட்டத்தில்தான். மழையில் வசனம் கேட்கவில்லை என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள் என எண்ணி, சத்தத்தை இரண்டு எண் கூட்டினேன்.

நீங்கள் யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு உதவாக்கரை. சொன்ன நேரத்துக்குப் படியிறங்கி வரத் தெரியாதவன். “அட பாவி, அந்தம்மா கிண்ணத்தைப் பாருடா” என்று கேபினில் சத்தமாகவே சொன்னேன்.

ஒன்று கேட்க வேண்டும். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவன் படம் ஒன்று வந்ததே. துவாரம் வழியே வரும் கைகளை மட்டும் மூன்று மணி நேரம் பார்ப்பான். ஒரு கை மட்டும் அவனுக்குத் தெரியும். கடைசியில் அந்தக் கைக்காரி ஏதோ சொல்கிறாள், நீங்கள் குலுங்கி அழுதீர்கள். அவள் என்ன சொன்னாள்?

இன்னொன்று. நீங்கள் ஏன் வராமல் போனீர்கள் என்றும் தெரியவில்லை. மறுக்கலாம், ஆனாலும் கேட்கிறேன். உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு படம். கீழே ஓடும் எழுத்தை நானே படிப்பேன். வேகமாக ஓடினால் பாதிதான் படிப்பேன், அது போதும்.

மிகுந்த சந்தோஷத்துடன்,
மா தொக்சு

•

இஞ்சோன்
19 அக்டோபர் 2018

மா ஐயா அவர்களுக்கு,

மூன்று சீட்டுகளும் நான் எழுதியவை. பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். அவை எழுத்துத் தெரிந்த ஒருவருக்கு எழுதப்பட்டவை. அப்படி ஒருவர் அந்தக் கேபினில் இல்லை என்று இப்போது தெரிகிறது. இல்லாதவருக்கு வந்த தபாலைப் பிரிப்பது முறையில்லை.

அந்த வருஷங்களில் நான் கணவரைப் பிரிந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருந்தேன். தையல் வேலை. புதன்கிழமை மதியம் விடுமுறை. அந்த மழைக்குப் பிறகு, அதே வாரம், கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அதனால்தான் வரவில்லை. அவர் நல்லவரா என்று கேட்க மாட்டீர்கள் என நினைக்கிறேன். நான்கு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். மூன்று மணிக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். வரிசையும் இருக்கையும் எனக்கு இனிக் கிடையாது.

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் சிரித்தேன். லென்ஸைத் திருகினேன் என்ற இடத்தில். சமையலறையில் நின்று சிரித்தேன். அவர் உள்ளேயிருந்து, “என்ன இளிப்பு வேண்டிக்கெடக்கு?” என்றார். பிறகு அந்த வரியை மறுபடி படித்தேன், சிரிப்பு வரவில்லை.

சீட்டுகளை அனுப்புங்கள்.

நோ இன்சுக்

•

இஞ்சோன்
2 நவம்பர் 2018

இன்சுக் அம்மணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு சீட்டைப் பிரித்துவிட்டேன்.

எனக்கு வாசிக்கும் ஆசை அடங்கவில்லை. மருந்துப் புட்டி, சோப்பு உறை, முட்டைகோஸ் சுற்றி வரும் பழைய செய்தித்தாள், எதையும் விடுவதில்லை. டப்பாவில் எழுத்து இருக்கிறது என்ற நினைப்பு சும்மா இருக்க விடவில்லை. மூன்றில் பழைய சீட்டு, 98ஆம் வருஷத் தேதி. மூன்று நாள் விரல் வைத்துப் படித்தேன். அதில் இருந்தது இதுதான்:

‘ஜன்னலில் இருப்பவருக்கு. நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து பார்க்காதீர்கள். எனக்கு இருட்டாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.’

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சீட்டு வந்தது. துவாரத்தை விட்டு நகர்ந்து லென்ஸைத் திருகினேன். நீங்கள் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தீர்கள். படம் தெளிவாகிவிட்டது என்று நன்றி சொல்கிறீர்கள் என நினைத்தேன். அந்தத் தலையசைப்பை வைத்துக்கொண்டு பல வருஷம் சோறு தின்றேன். பத்து நிமிஷத்தில் மறுபடி துவாரத்துக்கு வந்துவிட்டேன்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு என் பார்வை ஒரு போர்வை போல என்று நான் எண்ணியிருந்தேன். இப்படி எண்ணிக்கொண்டே ஒருவருடைய இருட்டைத் திருடியிருக்கிறேன். என்னிடம் பேச யாரும் இல்லை என்பது உங்கள் குற்றமில்லை. எழுத்து தெரியாதது தடுத்தது என்றும் சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டாம் என்று ஒருவர் எழுதித்தான் சொல்ல வேண்டுமா?

பிரித்ததை மறுபடி மடிக்கப் பார்த்தேன். நுனி உள்ளே போக மறுக்கிறது. மற்ற இரண்டையும் பிரிக்கவில்லை. படிக்கத் தெரிந்த பிறகு ஒரு எழுத்தைப் படிக்காமல் விடுவது இதுதான் முதல் தடவை. வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றும் இத்துடன் வருகின்றன.

மற்றவற்றிலும் இதையேதான் எழுதியிருந்தீர்களா? மூன்றாவது வந்தது மழை நாளில் என்பதால் கேட்கிறேன். என் மனம் கண்டபடி போகிறது.

பக்கத்து இருக்கை கேட்டதை மறந்துவிடுங்கள்.

மா தொக்சு

•

இஞ்சோன்
20 நவம்பர் 2018

மா ஐயா அவர்களுக்கு,

சீட்டுகள் கிடைத்தன. அடுப்பில் போட்டுவிட்டேன். மடித்த காகிதம் சீக்கிரம் எரிவதில்லை.

மற்ற இரண்டைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். இரண்டாவது, படம் மங்கல் என்று. மூன்றாவது, மழையில் வசனம் கேட்கவில்லை என்று. நீங்கள் செய்தது சரிதான். லென்ஸைத் திருகினீர்கள், சத்தத்தைக் கூட்டினீர்கள். வேறொன்றும் அவற்றில் இல்லை. அன்று கடையில் நான் தங்கைக்காகக் காத்திருந்தேன். அவளுக்குப் பேருந்து கிடைக்கவில்லை.

படகுத்துறைப் படத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் கேட்டாள்: ‘இந்தத் துவாரத்தை அடைத்துவிட்டால் நீங்கள் வெளியே வருவீர்களா?’ அதற்கு அவன், ‘அடுத்தவர் வாருங்கள்’ என்றான். அவ்வளவுதான். வெளியே வந்தவர்கள் அதைக் காதல் படம் என்றார்கள். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தனை வருஷம் எனக்கு ஒருவர்மேல் கோபம் இருந்தது. எல்லாம் தெரிந்தும் அசையாமல் நின்றவர் என்று. அந்தக் கோபத்தில் சாய்ந்துகொண்டுதான் இந்த வீட்டில் சமைத்தேன், துவைத்தேன். இப்போது சாய அதுவும் இல்லை. இதற்கு நீங்கள் காரணம் இல்லை, யாரும் காரணம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இனி எழுத வேண்டாம். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அவரைத் திருப்பிப் போடும் நேரம் ஆகிவிட்டது.

நோ இன்சுக்

•

இஞ்சோன்
3 டிசம்பர் 2018

இன்சுக் அம்மணி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நன்றி சொல்லாமல் நிறுத்துவது மரியாதை இல்லை என்பதால் இது ஒன்று.

படம் மங்கல், வசனம் கேட்கவில்லை. அவ்வளவுதான் என்று தெரிந்ததும் மனம் லேசாகிவிட்டது. சரியாகத்தான் செய்திருக்கிறேன். நல்லவேளை. உங்கள் தங்கை நலமாக இருக்கட்டும்.

குளிர் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். முதுகுக்குச் சூடு வைத்துக்கொள்ளுங்கள்.

மா தொக்சு

•

அதே நாள்
அனுப்பப் போவதில்லை

இன்சுக் அம்மணி,

முந்தைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நேற்று நூடுல்ஸ் கடைக்குப் போனேன். உன்ஹா இருந்த மாடியில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். கடை மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்றாம் மாடியில் பதிமூன்று வருஷம் வேலை பார்த்தும் நான் அங்கே சாப்பிட்டதில்லை. சாப்பாட்டுப் பட்டியல் சுவரில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். அந்தப் பயத்தில் வீட்டிலிருந்தே டப்பா கொண்டுவந்துவிடுவேன்.

நேற்று பட்டியலை மேலிருந்து கீழே வாய்விட்டுப் படித்தேன். கடைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். “எல்லாத்தையும் வாசிச்சிட்டீங்க, எதைச் சாப்பிடப் போறீங்க?” என்றாள். கல்குக்சு நூடுல்ஸ் என்றேன். மேலே ஆபரேட்டராக இருந்தவன் என்றும் சொன்னேன்.

கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்கதானா அது? உங்க கிண்ணம் ஆறிப்போய் பதினஞ்சு வருசமாச்சே” என்றாள்.

“என்ன கிண்ணம்?”

“ஒரு மழை நாளு. ஒரு அம்மா வந்து ரெண்டு போடச் சொன்னாங்க. ‘மேல படம் ஓட்டுறவர் வருவாரு, சீட்டுக் குடுத்திருக்கேன், படிச்சிட்டு வந்துடுவாரு’ன்னாங்க. நான் உங்களுதை ரெண்டு தடவை சூடு பண்ணேன். நீங்க வரல. பெரிய மனுசன்னு வைங்க, வரமுடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

அடுத்த ஆட்டம் ஏழரைக்குத்தான். இரண்டு மணி நேரம் எனக்கு எந்த வேலையும் இல்லை. கேபினிலிருந்து சந்துக்கு ஐம்பத்திரண்டு படி. தினமும் எண்ணி இறங்கியவன் நான்.

எனக்காகப் பொய் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் மனம் லேசாகிவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டேன். எழுத்து படித்து நான் எழுதிய முதல் பொய் அதுதான். பிழை ஒன்றும் இல்லாமல் வந்தது.

நீங்கள் உட்கார்ந்த மேசை எது என்று கேட்டேன். சுவரோரம் காட்டினாள். அதில் உட்கார்ந்தேன். கிண்ணம் வந்தது. ஆவியில் கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பார்த்தேன். அந்த நாற்காலியிலிருந்து மேலே கேபினின் பின்ஜன்னல் நேராகத் தெரிகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் விளக்கு எரிந்தது. ஒருவன் நின்று தண்ணீர் குடித்தான். அவன் சட்டையில் போட்டிருந்த எண்கூடத் தெரிந்தது.

கட்டம் போட்ட சட்டை எப்படித் தெரியும் என்று உங்களைக் கேட்டிருந்தேன்.

இந்தக் காகிதத்தை உங்களைப்போல மடித்துப் பார்த்தேன். பிரித்த சீட்டில் கோடுகள் எப்படிப் போயின என்று ஞாபகம் வைத்து மடித்தேன். நான்காம் தடவை நுனி உள்ளே போய்விட்டது. டப்பா காலியாகத்தான் இருக்கிறது, அதில் வைக்கிறேன்.

முதல் கடிதத்தின் முதல் வரியைச் சரிசெய்து எழுதிவிடுகிறேன். கோடு இந்தத் தடவை இரண்டு கம்பிக்கும் நடுவில்தான் இருக்கிறது. நன்றாகப் பார்த்துவிட்டேன்.

என் தனிமைக்கு இப்போது எழுத வரும்.

மா தொக்சு